ஒழுகாத கூரையின் கீழ் ஒரு கச்சேரி

1. மூன்று நாள் விழாவுக்கு ஒரு கூரை

ஐப்பசி மாதத்தில் திறந்த மைதானத்தில் மூன்று நாள் இசை விழா என்று முடிவு செய்தவர் எங்கள் சின்ன முதலாளி. அந்த மைதானத்துக்குக் கூரை போடும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் அப்போது சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மில்லுக்கு வெள்ளி விழா. தை மாதம்வரை பொறுக்கலாம், மழையும் நின்றிருக்கும் என்று மேனேஜர் சொல்லிப் பார்த்தார். மில் தொடங்கிய மாதத்தில்தான் வைக்க வேண்டும் என்று சின்ன முதலாளி ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

என்னைக் கூப்பிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்.

"பழனிச்சாமி, பாட்டுக் கேக்க வாரவங்க மேல ஒரு சொட்டுத் தண்ணி விழுகக் கூடாதுங்க. செலவையும் கொஞ்சம் பாத்துக்கங்க."

பர்ச்சேஸில் இருப்பவனுக்கு இதைவிடத் தெளிவான உத்தரவு கிடைக்காது. ஒழுகக் கூடாது, விலை கட்டுப்படியாக வேண்டும். அந்த இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று இருந்தது. அவருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கீற்றுப் பந்தல் மலிவு, ஆனால் அடை மழைக்குத் தாங்காது. கல்யாணப் பந்தல்காரர்களிடம் இருந்ததெல்லாம் துணிச் சாமியானா. வெயிலுக்கு ஆகும், மழைக்கு ஆகாது. தகரக் கொட்டகைக்குச் சொன்ன விலையைக் கேட்டதும் மேனேஜர் பேச்சை மாற்றிவிட்டார். கடைசியில் இரண்டு மிஞ்சின.

ஒன்று, அந்தியூர்க்காரர் ஒருவரின் கான்வாஸ் கூடாரம். அங்கே நடக்கும் குதிரைச் சந்தைக்குக் கூடாரம் வாடகைக்கு விடுகிறவர் அவர். மெழுகு ஏற்றிய கனத்த துணி. மனிதர் நேர்மையானவர், குறையையும் மறைக்காமல் சொன்னார்.

"சும்மா உட்டா ஒழுகாதுங்க. உள்ளாற இருந்து ஈரத் துணியைக் கை வெச்சுத் தொட்டா மட்டும் அந்த எடத்துல சொட்டுமுங்க."

எனக்கு உடனே கண்முன் வந்தது எங்கள் கூட்டம். அப்பன் தோளில் ஏறி உட்கார்ந்த பிள்ளைகள், குடைக் கம்பியால் கூரையைக் குத்திப் பார்க்கும் ஆட்கள். தொடாதே என்று எங்கள் ஊரில் எழுதிப் போட்டால், எழுதியிருப்பது சரிதானா என்று தொட்டுப் பார்ப்பார்கள். போதாக்குறைக்கு, மாதிரிக்கு அவர் கொடுத்த துண்டில் குதிரை வாடை அடித்தது. சின்ன முதலாளி அதை மோந்து பார்த்துவிட்டு அறைக்கு வெளியே வைக்கச் சொன்னார்.

"வித்வானுங்க பட்டுச் சட்டை போட்டுட்டு வாராங்க. அவிங்களை லாயத்துல உக்கார வெக்கறதுங்களா?"

இரண்டாவது, பிளாஸ்டிக் தார்ப்பாய். துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலைமேல் ஒரு கடையில் அப்போதுதான் வந்திறங்கியிருந்தது. பல அடுக்காக ஒட்டியது, கயிறு கோக்க ஓரமெல்லாம் பித்தளை ஐலெட் அடித்தது. கான்வாஸ் வாடகையைவிடக் கொஞ்சம்தான் கூட, ஆனால் சரக்கு நமக்கே சொந்தம். விழா முடிந்ததும் பஞ்சு பேல்களை மூடி வைக்கலாம். இந்த ஒரு வாதத்திலேயே மேனேஜர் விழுந்துவிட்டார்.

நான் லேசில் வாங்குகிறவன் இல்லை. கடை ஆட்களை நான்கு மூலையிலும் பிடிக்கச் சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையோடு தார்ப்பாயின் கீழே போய் நின்றேன். கடைக்காரர் ஸ்டூல்மேல் ஏறிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்.

"ஏனுங்க, சட்டை எங்கயாச்சும் நனைஞ்சுதுங்களா?"

"இல்லீங்க."

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தண்ணீர் குளம் கட்டினால் கூரை தொங்கிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். மெயின்டனன்ஸ் பிட்டர்களை வைத்து ஜி.ஐ. பைப்பில் சட்டம் செய்து, நல்ல சரிவு கொடுத்து, தார்ப்பாயை இழுத்து விறைப்பாகக் கட்டச் சொன்னேன். மத்தளம்போல் நின்றது. பிட்டர் ஒருவர் ஏணியில் நின்றபடி விரலால் சுண்டினார். டங் என்றது. எல்லோரும் சிரித்தோம், நானும் ஒருமுறை சுண்டிப் பார்த்தேன். அந்தச் சத்தத்தில் அத்தனை பேரில் ஒருவருக்குக்கூட மழையின் நினைவு வரவில்லை.

2. மரகதம்

நூலைக் காகிதக் கோனில் சுற்றும் எங்கள் கோன் வைண்டிங் டிபார்ட்மென்டில் மரகதம் என்று ஒரு பெண் வேலை செய்தாள். ஒரு நாள் நடுப்பகலில் கரன்ட் போய் மில் முழுக்க நின்றுவிட்டது. அந்த நேரம் ஏதோ ஸ்பேர் பார்ட் விஷயமாக அந்தப் பக்கம் போனவன், ஒரு பாட்டுக் குரல் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். மெஷின்கள் நின்றுபோன அந்தப் பெரிய கூடத்தில் அந்தக் குரல் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. சங்கீதம் எனக்குத் தெரியாது. ஆனால் கரன்ட் வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று மில்லில் வேலை செய்கிற ஒருவன் நினைத்தது அன்றைக்குத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பாட்டு வாத்தியாரிடம் போய் ஒழுங்காகக் கற்றுக்கொண்டவள் அவள். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் டவுனில் ஒரு சபா மேடையில் ஒரே ஒரு முறையாவது பாடிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அப்படிப் பாடி நாலு பேர் நல்லதாகச் சொல்லிவிட்டால், பாட்டை விடச் சொல்ல வீட்டில் யாருக்கும் மனம் வராது என்று கணக்குப் போட்டிருந்தாள்.

மேனேஜரிடம் பேசி, விழாவின் இரண்டாம் நாள் அவளுக்கு ஒரு மணி நேரம் வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கு டவுனில் ஒரு சபாவின் செயலாளர் சிறப்பு விருந்தினர். உள்ளூர்ப் பாடகர்களுக்கு அவர்கள் சபாவில் காலைக் கச்சேரிகள் உண்டு. பெண் நன்றாகப் பாடினால் ஓர் இடம் தருகிறேன் என்று அவர் சின்ன முதலாளியிடம் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

சேதியைச் சொன்னபோது மரகதம் அழுதுவிட்டாள். "கேட்டாருன்னா கண்டிப்பாப் புடிக்குமுங்க சார்" என்றாள். அதில் கர்வம் இல்லை. தன் குரல் என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

3. இரண்டாம் நாள்

முதல் நாள் மழையே இல்லை. வந்தவர்களெல்லாம் கூரையை அண்ணாந்து பார்த்து விசாரித்தார்கள். நான் விளக்கம் சொல்லி அலுத்துப்போனேன்.

இரண்டாம் நாள் மரகதம் மேடை ஏறி, வயலினும் மிருதங்கமும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் பாட்டில் பாதி போயிருக்கும், மழை பிடித்தது. கூடவே கரன்டும் போயிற்று. வாடகை ஜெனரேட்டர் ட்யூப் லைட்டுக்கு மட்டும்தான் தாங்கும். இருந்தாலும் மைக் செட்டை அதில் மாட்ட முடியுமா என்று கேட்டேன். மைக் செட்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒயரெல்லாம் தண்ணில கெடக்குதுங்க. அந்தப் புள்ள மைக்கைத் தொட்டா ஷாக் அடிச்சுப்போடும். நான் மாட்டமாட்டேனுங்க."

அவர் சொன்னது நியாயம். மைக் இல்லாமலே கச்சேரி தொடர்ந்தது.

ஆனால் மேலே கூரை இருந்ததே. விறைப்பாக இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக்கில் ஐப்பசி மழை அடித்தால் என்ன சத்தம் வரும் என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் பேசுவதற்கு என் காதோடு வாயை வைக்க வேண்டியிருந்தது. மேடையில் வில் போய் வந்தது, மிருதங்கக்காரரின் கை ஏறி இறங்கியது, மரகதத்தின் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பந்தல் நிறைந்த ஜனம். ஒருவர் எழுந்திருக்கவில்லை, ஒருவர் முகம் சுளிக்கவில்லை. முன்வரிசையில் முதலாளி குடும்பமும் சபா செயலாளரும் கேட்பதுபோலவே தலையை அசைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அசைக்க அசைக்கப் பின்னால் எல்லோரும் அசைத்தார்கள். மேடையில் ஒரு பெண் பாடும்போது கேட்கவில்லை என்று சொல்வது எங்கள் ஊரில் மரியாதை ஆகாது.

மேடைப் பொறுப்பு என்னுடையது. மேடை ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பாட்டு முடிந்ததும் மரகதம் என் பக்கம் திரும்பினாள். அவள் உதடு லேசாக அசைந்தது. பாட்டு எப்படி என்று கேட்கிறாள்போல என்று எண்ணிக்கொண்டேன். பாவம், தைரியம் கொடுப்போம் என்று நன்றாகத் தலையாட்டிவிட்டு, மேலே நடக்கட்டும் என்று கையைக் காட்டினேன். தொடையில் தாளம்கூடப் போட்டேன். கேட்காத பாட்டுக்குத் தாளம். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி அடுத்த பாட்டை எடுத்தாள்.

தன் நேரம் முடியும்வரை பாடினாள். கூட்டம் கை தட்டியது. செயலாளர் வேறொரு இடத்துக்குப் போக வேண்டும் என்று எழுந்தார். குடை பிடித்துக் கார்வரை போனவன் நான்தான்.

"பொண்ணு நல்லாத்தான் பாடியிருப்பா. எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க. கேக்காம நான் எப்படி எடம் குடுக்கறது? அடுத்த வருசம் பாக்கலாமுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் கார் கேட்டைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. கரன்டும் வந்தது. அடுத்துப் பாடியவர் தொண்டையைச் செருமியதுகூடக் கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது.

4. ரங்கம்மாள் சொன்னது

விழா முடிந்து மில் ஓடத் தொடங்கியதும், வைண்டிங்கில் மரகதத்துக்கு அடுத்த மெஷினில் நிற்கும் ரங்கம்மாள் காகிதக் கோன் கேட்டு ஸ்டோருக்கு வந்தாள். நானும் அப்போது அங்கே இருந்தேன். கேட்டதை வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் நின்றாள்.

"சார் தப்பா நெனைக்கப்படாது. அன்னைக்கு ஏனுங்க அவளைப் பாடச் சொன்னீங்க?"

எனக்குப் புரியவில்லை.

"ரெண்டாம் பாட்டு முடிஞ்சதும் எங்களைப் பாத்துப் பாட்டு கேக்குதான்னு கேட்டா. இல்லைன்னோம். அப்பறம் உங்களைப் பாத்து, மழை உடற மட்டும் நிறுத்தி வெக்கட்டுங்களா சார்னு கேட்டா. நீங்க தலையாட்டிப்போட்டுப் பாடு பாடுன்னு கையைக் காட்டினீங்க."

வைண்டிங் கூடத்தின் இரைச்சலில் எவ்வளவு கத்தினாலும் கேட்காது. அங்கே வேலை செய்யும் பெண்கள் நாளெல்லாம் உதட்டசைவில்தான் பேசிக்கொள்வார்கள். வீட்டு விஷயம், சண்டை, சிரிப்பு எல்லாமே அப்படித்தான் நடக்கும். ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தப் பேச்சு தெரியாது. அத்தனை பேர் நடுவே அவள் என்னிடம் வாய் திறந்து கேட்டிருக்கிறாள். பின்வரிசையில் இருந்த பெண்களுக்கெல்லாம் அது விளங்கியிருக்கிறது. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் விளங்கவில்லை.

"நீங்க யாராச்சும் எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"முதலாளிக எல்லாம் உக்காந்திருக்கறாங்க. அவிங்களைத் தாண்டி எப்படீங்க வாரது? நீங்க சொன்னா அதுல ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சுப்போட்டோம்."

அன்று மாலையே டவுனுக்குப் போய் சபா செயலாளரைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார், காப்பி கொடுத்தார். அந்த வருடக் கச்சேரிகளுக்கெல்லாம் ஆள் முடிவாகிவிட்டது என்றார். அடுத்த வருடம் எங்கள் மில்லே தள்ளாட ஆரம்பித்தது. விழா என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. மரகதமும் அதற்குள் கல்யாணமாகி வேலையை விட்டுப் போய்விட்டாள். அவள் சபாவில் பாடினாள் என்று எங்கேயும் நான் கேள்விப்படவில்லை.

பர்ச்சேஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். எந்தச் சாமான் வாங்கினாலும், அதன் கீழே, அதன்மேலே, அதன் பக்கத்தில் யார் உட்கார்ந்து என்ன வேலை செய்யப் போகிறார்கள் என்பதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் மழையைப் பற்றி எல்லாம் விசாரித்தேன். பாடப் போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னொன்றும் உண்டு. விளங்காத பேச்சுக்கு மரியாதைக்காகத் தலையாட்டாதீர்கள். எழுந்து பக்கத்தில் போய், என்ன சொன்னீர்கள் என்று கேளுங்கள். இப்படிச் சொல்லிக் கொடுப்பதால் என் மனம் ஆறிவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

சபாவுக்குப் போய் வந்த மறுநாள் மரகதத்தை டிபார்ட்மென்டுக்கு வெளியே கூப்பிட்டுப் பேசினேன். தலையில் கட்டிய துண்டெல்லாம் பஞ்சாக வந்து நின்றாள்.

"அன்னைக்கு நீ கேட்டது எனக்குப் புரியலை அம்மணி. சபாவுக்குப் போய்ச் சொல்லிப் பாத்தேன். இந்த வருசம் எடமில்லைன்னுட்டாங்க."

"பரவால்லீங்க சார். எனக்காகப் போய்க் கேட்டீங்களே" என்றாள்.

என் முகம் போன போக்கைப் பார்த்திருப்பாள்போல. உள்ளே போகத் திரும்பியவள் நின்று, என்னைத் தேற்றுவதற்காக ஒன்று சொன்னாள்.

"அத்தனை மழைக்கும் ஒருத்தர் மேலயும் ஒரு சொட்டு விழுகலீங்க சார். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

அவள் மனதாரத்தான் சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.