நாற்பது நாள், இருபது பக்கம், லாரி நம்பர் 7316

எடை மேடை வேலையில் இரண்டே நிலைமைதான்: ஒன்று, பத்து லாரி வரிசையில் நின்று ஹாரன் அடிக்கும், இல்லாவிட்டால் ஒரு ஈ கூட எட்டிப் பார்க்காது. முத்தையாபுரத்தில் துறைமுகம் போகும் சாலையோரம், கண்ணாடி போட்ட அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பன்னிரண்டு வருஷமாக உப்பு லாரிகளை எடை போடுகிறேன். ஈ வராத நேரத்தையெல்லாம் சேர்த்திருந்தால் ஒரு டிகிரி வாங்கியிருக்கலாம். தபாலில் சேர்ந்த பி.ஏ. இரண்டாம் வருஷத்தோடு நின்றது. தையல் வகுப்பு ஒரு கை மட்டும் வைத்த ஜாக்கெட்டோடு நின்றது. உலகத்தின் சிறந்த நாவல்கள் என்று புத்தகக் கண்காட்சியில் ஆசையாக வாங்கி வந்தவை ஒவ்வொன்றும் நாற்பதாம் பக்கத்தில் நின்றன. உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒன்றிரண்டு இருக்கும், மறைக்காதீர்கள்.

"அவ எதையும் முடிக்க மாட்டா" என்று வீட்டில் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. நாற்பத்து நாலு வயதில், ஒன்றையாவது முடித்தே தீருவது என்று வெறியே வந்துவிட்டது.

கறிக்குப் பதில் கைபேசி

லெந்து என்னும் தவக்கால நாட்களில் எங்கள் சபையில் ஆளுக்கொன்றை விட்டுவிடுவார்கள். சிலர் கறி, சிலர் காபி, சிலர் சீரியல். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமை வரை, ஞாயிறு நீங்கலாக நாற்பது நாள். நான் வேலை நேரத்தில் கைபேசி பார்ப்பதை விட்டேன். அதற்குப் பதில், தமிழில் மொழிபெயர்த்த ஒரு பழைய ருசிய நாவல், தினம் இருபது பக்கம். புத்தகம் எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கம். நாற்பது இருபது எண்ணூறு. மிச்சப் பன்னிரண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். எந்த வேலையிலும் எனக்கு இப்படி ஒரு மிச்சம் விழும்.

என் கணவர் செல்வின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். புத்தகத்தைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார். "ஏளா, கறியை விட்டாலும் ஈஸ்டர் அன்னைக்குத் திரும்பத் திங்கலாம். இத நீ நாப்பதாம் பக்கத்துல விட்டா, பெறவு தொடவே மாட்டியே!"

ருசியாவிலிருந்து வந்த வண்டிகள்

ஐந்தாம் நாளே திணறினேன். அந்த நாட்டில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர். வீட்டில் ஒன்று, வெளியில் ஒன்று, கோபத்தில் ஒன்று. முன் பக்கத்தில் வந்தவன்தான் இவனா, இவன் வேறா என்று திரும்பத் திரும்பப் புரட்டியதில், இருபது பக்கம் ஏழு பக்கமாகச் சுருங்கியது. நூறாம் பக்கம் வருவதற்குள் மூச்சு வாங்கியது.

எடை மேடையில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வண்டியின் கடைசி நாலு நம்பர்தான் பெயர். "2208 காய்ச்சல்ல படுத்திருக்கு", "5140-க்குப் பொண்ணு பொறந்திருக்கு" என்றுதான் பேசுவோம். அப்படி நூற்றைம்பது நம்பர் என் மண்டையில் இருக்கிறது. நாவலில் வந்தவர்களுக்கும் ஆளுக்கு ஒரு நம்பர் போட்டேன். கதாநாயகன் 7316. அவன் நண்பன் 2208. கிழட்டுப் பிரபு 5140. அன்றிலிருந்து ஒருவரையும் தவறவிடவில்லை. விட்டுப்போன பக்கங்களையும் ஒரே வாரத்தில் பிடித்துவிட்டேன். மேடையில் வண்டிகளை ஒழுங்காக ஏற்றி நிறுத்தும் மாரியப்பன் என் குறிப்பை எட்டிப் பார்த்தான். "யக்கா, ருசியாக்காரனுக்கும் நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸ்லதான் நம்பர் குடுத்தாவளா?"

சீட்டின் பின்பக்கம்

உப்பு லாரி இரண்டு முறை மேடை ஏறும். முதலில் காலி வண்டி. பிறகு உப்பளத்துக்குப் போய் லோடு ஏற்றி வந்து இன்னொரு முறை. அது திரும்பும் வரை முதல் எடை போட்ட சீட்டு என் மேஜையில் கிடக்கும்.

அன்று நானூற்று இருபதாம் பக்கம். கதாநாயகன் செய்த காரியத்தில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கையில் கிடைத்த சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்: "7316 பெண்டாட்டியைக் கைவிட்டான். 2208-ன் தங்கையோடு ரயில் ஏறிவிட்டான். பாவி." நம்பரைப் பார்த்துத்தான் என் கை அந்தச் சீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அது நிஜமான 7316-ன் சீட்டு. வண்டி லோடோடு வந்தது, இரண்டாம் எடையை அதிலேயே அச்சடித்து டிரைவரிடம் நீட்டிவிட்டேன். அவர் அதை உப்பு கம்பெனியில் கொடுக்க, அங்கிருந்த கிளார்க் திருப்பிப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை டிரைவர்களுக்கும் உரக்க வாசித்துக் காட்டியிருக்கிறார்.

7316-ஐ ஓட்டும் சுடலைமுத்து பரம சாது. ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து ஜன்னல் முன்னால் நின்றார். முகம் கறுத்திருந்தது. நாவலைத் தூக்கிக் காட்டி, நம்பர் வைத்த கதையைச் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "யக்கா, எம் பொண்டாட்டிக்கு நான் சொல்லிக்கிடுதேன். ஆனா 2208-க்குத் தங்கச்சியே கெடையாது. அவன் வேற ஒரு பக்கம் கோவமா இருக்கான்."

பழையகாயல் வரை

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. "இனிமே இந்த ரூமுக்குள்ள கம்ப்யூட்டரை மட்டுந்தான் படிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தவறு என்னுடையதுதான். ஆனால் அன்று வீட்டுக்குப் போகும்போது, பி.ஏ.வும் ஜாக்கெட்டும் இப்படித்தான் நின்றன என்பது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் தடுத்தார். நானும் உள்ளுக்குள் அப்பாடா என்று விட்டுவிட்டேன். இந்த முறை விடுவதில்லை.

காலை பஸ்ஸில் ஏழு பக்கம், மத்தியானச் சோற்று வேளையில் அறைக்கு வெளியே உடைமரத்து நிழலில் ஆறு, சாயங்கால பஸ்ஸில் ஏழு. குறிப்பு எழுதுவது மட்டும் நோட்டுப் புத்தகத்தில். ஒரு நாள் காலையில் 7316-ன் பெண்டாட்டி தனியாகப் பிள்ளை பெறும் கட்டம். உட்கார்ந்த இடத்தில் அழுதுகொண்டே படித்தேன். முத்தையாபுரம் போனது தெரியவில்லை, முள்ளக்காடு போனதும் தெரியவில்லை. கண்டக்டர் வந்து தோளருகே குனிந்தார். "யக்கா, பழையகாயல் வந்தாச்சு. வீட்டுல எதுவும் துக்கமா, இல்ல இந்தப் புஸ்தகந்தானா?"

மிச்சம் பன்னிரண்டு

நாற்பதாம் நாள், சனிக்கிழமை. சாயங்காலப் பங்கையும் சேர்த்து மத்தியானச் சோற்றோடு எண்ணூறாம் பக்கத்தை முடித்துவிட்டேன். நேர்ந்துகொண்டது நிறைவேறிவிட்டது, மிச்சத்தை விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று பழைய புத்தி மெல்ல எட்டிப் பார்த்தது.

மூன்று மணிக்கு எடை காட்டும் பெட்டி செத்துப்போனது. டவுனிலிருந்து மெக்கானிக் வர ஒரு மணி நேரமாகும். ஒன்பது லாரி வரிசையில், முதல் வண்டி 7316. டிரைவர்கள் இறங்கி வந்து சத்தம் போட, முதலாளி என் அறையில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பன்னிரண்டு பக்கமும் பையிலிருந்து என்னைக் குத்தின. இப்போது விட்டால் எப்போதும் இல்லை. வேலை போனாலும் போகட்டும் என்று, அவர் கண்ணெதிரே புத்தகத்தை எடுத்து மேஜையில் விரித்தேன்.

முதலாளி போனைக் காதிலிருந்து எடுத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஜன்னல் வழியாகச் சுடலைமுத்துவின் குரல் வந்தது. "அண்ணாச்சி, தடுக்காதிய. மூணு வாரமா என்னைய எல்லாவனும் கேலி பண்ணுதான். அந்த 7316 பொண்டாட்டிகிட்டத் திரும்பிப் போனானா இல்லியான்னு எனக்குத் தெரிஞ்சாவணும். யக்கா, சத்தமா படிங்க."

படித்தேன். ஒன்பது டிரைவர்களும் மாரியப்பனும் ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கதாநாயகன் ஊருக்குத் திரும்புகிறான். வீடு பூட்டிக் கிடக்கிறது. பெண்டாட்டியும் பிள்ளையும் எங்கே போனார்கள் என்று சொல்ல ஆளில்லை. ரயிலடியில் வந்து உட்காருகிறான், அவ்வளவுதான். கடைசி வரியில் அழுதுவிட்டேன். அழுதது அவனுக்காக இல்லை. இருபது வருஷத்தில் நான் முடித்த முதல் காரியம் அது. மெக்கானிக் எப்போது வந்து வேலையைத் தொடங்கினார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

முதலாளி எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டுப் போனார். மற்றவர்களும் கலைந்தார்கள். சுடலைமுத்து மட்டும் நின்றார். "சொதப்பிட்டானே யக்கா. அடுத்த புஸ்தகத்துல எனக்குக் கொஞ்சம் நல்ல ஆளாப் பாத்துக் குடுங்க."

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை அடுத்த நாவலைத் தொடங்கி 7316-ஐ ஓர் ஒழுக்கமான டாக்டருக்குக் கொடுத்திருக்கிறேன். நூற்றறுபதாம் பக்கத்தில் அடுத்த வீட்டுக்காரி டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள், அதைச் சுடலைமுத்துவிடம் இன்னும் சொல்லவில்லை.