இரண்டு ஸ்பீக்கரா, ஐந்தா?

யாங்கோனுக்கு ஆற்றின் அக்கரையில் தன்லியின் என்கிற ஊரில், எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு செட் ஸ்பீக்கருக்குத்தான் இடம். எனக்கு ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் வேண்டும். படத்தில் மழை பெய்தால் என் முதுகுக்குப் பின்னாலும் பெய்ய வேண்டும். என் கணவருக்கு இரண்டே போதும், ஆனால் பாட்டு உள்ளது உள்ளபடி கேட்க வேண்டும். தேவாலயப் பாடகர் குழுவில் ஆண்களின் அடிக்குரல் பாடுகிறவர். சங்கீதம் என்றால் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

“மீ வர்றதே அரை நாளு, அதுல உனக்குச் சண்டைப் படமா?” என்பார். மின்சாரத்துக்கு எங்களிடம் இருப்பது ‘மீ’ என்கிற அந்தப் பர்மிய வார்த்தைதான்.

யாங்கோன் கடைக்குப் போன அன்று, ஸ்பீக்கரைச் சோதிக்க ஒரு பென்டிரைவ் எடுத்துப்போனேன். போன கிறிஸ்மஸுக்கு அவர் குழு பாடியதை அதில் ஏற்றியிருந்தேன். எவ்வளவு பாசம் என்று மனிதர் பூரித்துப்போனார். பாசமாவது, சூழ்ச்சி.

முதலில் ஹோம் தியேட்டர். சப்வூஃபர் உறும, சின்னஞ்சிறு குழு பேராலயமே பாடுகிற மாதிரி முழங்கியது. கடைக்காரர்கூடக் கைதட்டினார். அடுத்து அந்த இரண்டு ஸ்பீக்கர். ஒவ்வொரு குரலையும் பிட்டுப் பிட்டு வைத்தது. வலது பக்கத்தில் ஒரு குரல், வரிக்கு வரி சுருதியை விட்டு இறங்கிக்கொண்டே போனது.

“யாரு இது, மாடு கத்துற மாதிரி?” என்று கணவர் அதட்டினார்.

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு ஆள் தெரியும். நான் மின்விசிறியைப் பார்த்தேன். இரண்டாம் சரணத்தில் அவர் தனியாகப் பாடும் வரி வந்தது. முகம் சுண்டிப்போயிற்று.

“ஹோம் தியேட்டரே எடுத்துக்கலாம்,” என்றார்.

ஜெயித்துவிட்டேன். டாக்ஸியில் பெட்டியை எங்களுக்கு நடுவில் வைத்ததிலிருந்து பாகோ ஆற்றுப் பாலம் ஏறும்வரை எனக்குக் கொண்டாட்டம்தான்.

“இந்த வாரத்துலேருந்து பாட்டுப் பயிற்சிக்குப் போகப் போறதில்ல,” என்றார் அவர்.

ஸ்பீக்கரில்தான் அவரைத் தோற்கடிக்க நினைத்தேன். அவர் பாடாமல் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

“உனக்கு எப்போலேருந்து தெரியும்?”

“கல்யாணமாகி வந்த மொத கிறிஸ்மஸ்லேருந்து.”

“ஒரு வார்த்த சொல்லலியே?”

“கோயில்ல நான் பின்னாடி பெஞ்சு. முன்னாடி ஆளுங்க எந்திரிச்சா எனக்கு ஒண்ணும் தெரியாது. எறங்குற கொரலு எந்தப் பக்கம் வருதுன்னு கேட்டுத்தான் நீங்க எங்க நிக்கிறீங்கன்னு கண்டுபிடிப்பேன். அது காதுல விழுந்தாத்தான் எனக்குக் கிறிஸ்மஸ்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பாலம் இறங்கியதும் வண்டியைத் திருப்பும்படி டிரைவரிடம் பர்மியில் சொன்னார்.

“அந்த ரெண்டு ஸ்பீக்கரையே மாத்தி வாங்குவோம். தப்பு காதுல விழுந்தாத்தானே திருத்த முடியும்.”

“வாங்குங்க,” என்றேன். “திருத்த மட்டும் செய்யாதீங்க.”