காய்ச்சல் பிள்ளைகளை எடுப்பதில்லை

அந்த விதிகளை எழுதியது நான்தான். எங்கள் பகல் பராமரிப்பு நிலையத்தை நடத்தியவர் ஓய்வு பெற்ற ஒரு ஆஸ்பத்திரித் தாதி. அவரை எல்லாரும் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, நான் பெரிய வெள்ளைத் தாளில் மாக்கரால் எழுதினேன். நூறு பாகைக்கு மேல் காய்ச்சல் உள்ள பிள்ளை எடுக்கப்பட மாட்டாது. காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழிந்த பிறகே கொண்டுவரலாம். பிள்ளை வராத நாட்களுக்காக மாதக் கட்டணம் குறைக்கப்பட மாட்டாது. கடைசி வரிக்குக் கீழே சிவப்பில் ஒரு கோடு இழுத்தேன். அதை யாரும் இழுக்கச் சொல்லவில்லை. எனக்கு அப்போது அப்படி ஒரு திமிர் இருந்தது.

கிளிநொச்சியில் இருந்து உருத்திரபுரம் போகிற வீதியில், ஒரு வீட்டின் பின்பக்கத்தை மறித்து எடுத்த இடம் அது. முன்பக்கத்தில் மிஸ் குடியிருந்தார். பெரிய அறை ஒன்று, குசினி, குசினியோடு ஒட்டிய ஒரு சின்ன அறை, முற்றத்தில் ஒரு வேம்பு. இருபத்திரண்டு பிள்ளைகள். பாதிப் பேருடைய தாய்மார் கார்மென்ற்ஸ் தையல் தொழிற்சாலையில் வேலை. ஆறரைக்குச் சந்தியில் கம்பனி பஸ் வரும் என்பதால் ஆறு மணிக்கே பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுவார்கள். மற்றவர்கள் கந்தோரில் உத்தியோகம் பார்க்கிற ஆட்கள், ஏழரைக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் வருவார்கள். அவர்களுக்கு ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நின்றாலும் லீவு இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முகத்தைக் கொஞ்சம் சுழித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுபோவார்கள்.

மிஸ் கல்நெஞ்சுக்காரி இல்லை. முந்தின வருடம் ஒரு பிள்ளைக்குக் கொப்புளிப்பான் அம்மை வந்ததைத் தாய் மறைத்துக் கொண்டுவந்து விட்டாள். பதினொரு பிள்ளைகளுக்குத் தொற்றியது. தகப்பன்மார் வந்து முற்றத்தில் நின்று கத்தினார்கள், மூன்று பிள்ளைகளை நிற்பாட்டியும் விட்டார்கள். அதற்குப் பிறகுதான் இந்த விதிகள். கட்டணத்தைக் குறைக்காததற்கும் நியாயம் இருந்தது. பிள்ளை வராவிட்டாலும் அரிசியும் பாலும் வாங்கத்தான் வேண்டும், எங்களுக்குச் சம்பளம் தரத்தான் வேண்டும். இதையெல்லாம் நான் தாய்மாருக்கு மனப்பாடமாகச் சொல்லுவேன்.

வாசலில் நின்று நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற மெசினைப் பிடிப்பது என் வேலை. தாய்மாரின் கெட்டித்தனங்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. விடியவே காய்ச்சல் மருந்துப் பாணியைப் பருக்கிவிட்டுக் கொண்டுவருவார்கள். அது பதினொரு மணி வரை தாங்கும், பிறகு பிள்ளை கொதிக்கத் தொடங்கும். சிலர் வாசல் படலைக்கு வெளியே நின்று ஈரத் துணியால் நெற்றியைத் துடைப்பார்கள். ஒரு தகப்பன் பிள்ளையை மோட்டார் சைக்கிளின் முன்னால் இருத்தி, காற்றுப்படும்படி வேகமாக ஓட்டிவந்தார். நெற்றி குளிர்ந்திருந்தது, கழுத்து சுட்டது. நான் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தேன். "எங்களுக்குக் காது குத்தாதேங்கோ அண்ணை" என்றேன். அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பினார். அன்றைக்கு முழுக்க அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சமைக்கிற அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

என் மகளும் அங்கேதான் இருந்தாள். அப்போது அவளுக்கு மூன்றரை வயது. வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம், ஆனால் விதி ஒன்றுதான். என் கணவர் நெல் வெட்டுகிற மெசின் ஓட்டுகிறவர். அறுவடைக் காலத்தில் மன்னார், அம்பாறை என்று போனால் ஒன்றரை மாதம் வீட்டுக்கு வரமாட்டார். என் சொந்த அக்கா முள்ளியவளையில் இருக்கிறாள், அவளுக்கும் மூன்று பிள்ளைகள். மகளுக்குக் காய்ச்சல் வந்தால் நான்தான் வீட்டில் நிற்க வேண்டும்.

மாசி மாதம் அவளுக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து மூன்று நாள் நின்றேன். என்னோடு வேலை செய்த ரீச்சர் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்த நேரம் அது. மிஸ் தனியே இருபத்திரண்டு பிள்ளைகளோடு கஷ்டப்பட்டிருக்கிறார். நான் திரும்பி வந்த அன்று என்னைக் கூப்பிட்டு, கோபப்படாமல் சொன்னார்.

"பிள்ளை, எனக்கு முழங்கால் ஏலாது. நீரும் நிண்டால் நான் பூட்டத்தான் வேணும். இன்னொருக்கா இப்பிடி எண்டால் வேற ஆளைப் பாக்கத்தான் வரும். குறை நினையாதையும்."

குறை நினைக்க என்ன இருக்கிறது. நானும் தாய்மாரோடு இப்படித்தான் பேசுகிறேன் என்று அப்போதுகூட எனக்குத் தோன்றவில்லை.

மூன்று கிழமை போனது. ஒரு செவ்வாய்க்கிழமை விடிய மகளை எழுப்பக் கையைப் பிடித்தேன், கை சுட்டது. வீட்டில் இருந்த வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். நூற்றிரண்டு. பிறகு எழும்பி, மற்றத் தாய்மாரிடம் இத்தனை நாளாகக் கண்டுபிடித்த அதே வேலையைச் செய்தேன். பாணியைப் பருக்கினேன், நெற்றியைத் துடைத்தேன், தொப்பி போட்டேன். சைக்கிளில் இருத்திக்கொண்டு, மிஸ் எழும்புவதற்கு முன்னரே போய்ச் சேர்ந்தேன்.

சமைக்கிற அக்கா குசினியில் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"சின்ன அறையிலை படுக்க விடு. நான் பாக்கிறன்" என்றாள்.

குசினியோடு ஒட்டிய அந்தச் சின்ன அறையில்தான், பகலில் காய்ச்சல் வரும் பிள்ளைகளைத் தாய் வரும்வரை படுக்க வைப்போம். மற்ற நேரங்களில் அரிசி மூட்டைகளும் பாய்களும் இருக்கும். மூட்டைகளுக்குப் பின்னால் பாயை விரித்து மகளைக் கிடத்தினேன். "சத்தம் போடக்கூடாது, அம்மா பிறகு வாறன்" என்றேன். அவள் சரி என்று தலையாட்டினாள். ஏன் எதற்கு என்று கேட்கிற பிள்ளை, அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை.

ஆறேகாலுக்கு மிஸ் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து முற்றத்துக் கதிரையில் இருந்தார்.

"மகள் எங்க?"

"அக்கா வந்து கூட்டிக்கொண்டு போட்டா மிஸ். ரெண்டு நாள் முள்ளியவளையில நிக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்ல எனக்கு வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் கார்மென்ற்ஸ் தாய் ஒருத்தி மகனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முல்லைத்தீவுக் கரையைச் சேர்ந்தவள், வேதக்காரப் பிள்ளை, கழுத்தில் எப்போதும் செபமாலை கிடக்கும். கணவன் அங்கே கடலுக்குப் போகிறான். இவள் கார்மென்ற்ஸ் வேலைக்காகச் சந்திக்குப் பக்கத்தில் ஒரு அறை எடுத்து மகனோடு இருந்தாள். அந்தப் பொடியனுக்கு என் மகளை விட மூன்று மாதம் கூட. இரண்டு பேரும் ஒரே கோப்பையில் சாப்பிடுவோம் என்று அடம்பிடிக்கிறவர்கள்.

மெசினைப் பிடித்தேன். நூறு தசம் இரண்டு.

இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வேறு நாளாக இருந்தால் நான் இரண்டாம் முறை பிடித்திருப்பேன். என் வாய் நீளமே தவிர, தசம் இரண்டுக்காக ஒரு பிள்ளையை நான் ஒருநாளும் திருப்பி அனுப்பியதில்லை. கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் குறைவாகக் காட்டும், அதைக் கொப்பியில் எழுதிவிட்டுப் பிள்ளையை உள்ளே விடலாம். ஆனால் உள்ளே விட்டு, பத்து மணிக்குக் காய்ச்சல் ஏறினால் அவனைச் சின்ன அறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். காய்ச்சல் பிள்ளை என்றால் மிஸ் தானே வந்து பக்கத்தில் இருப்பார், அந்தத் தாதிப் பழக்கம் அவரை விடவில்லை. அந்த அறையில் என் மகள் கிடக்கிறாள்.

"இண்டைக்கு எடுக்கேலாது" என்றேன்.

"தூக்கிக்கொண்டு ஓடி வந்தனான் ரீச்சர், அந்தச் சூடுதான். திரும்ப ஒருக்காப் பிடியுங்கோ."

"மெசின் பொய் சொல்லாது."

"இந்த மாதம் ரெண்டு நாள் நிண்டிட்டன். இண்டைக்கும் நிண்டால் கடிதம் தருவினம். அதோட என்னை நிப்பாட்டிப் போடுவினம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பின்னேரம் வரைக்கும்தானே. நான் பாணி குடுத்துத்தான் கொண்டு வந்தனான், உங்களுக்கு ஏன் ஒளிப்பான். மத்தியானம் குடுக்கிறதுக்கும் போத்தில் கொண்டு வந்திருக்கிறன்."

அவள் பையைத் திறந்து போத்தலைக் காட்டினாள். என் வீட்டில் இருக்கும் அதே பாணி. மிஸ் கதிரையில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கும் கேட்கும்படி சத்தமாகப் பேசினேன்.

"காய்ச்சல் பிள்ளையைக் கொண்டு வந்து மற்றப் பிள்ளைகளுக்கும் தொத்த வைக்கப் போறீங்களோ? விதி எல்லாருக்கும் ஒண்டுதான். சுவரில எழுதிக் கிடக்கு, வாசிச்சுப் பாருங்கோ."

அவள் சுவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். பிறகு போத்தலைப் பைக்குள் வைத்து, மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். சந்திப் பக்கம் பஸ்ஸின் ஹோர்ன் சத்தம் கேட்டது. அவள் ஓடவில்லை.

தாயின் தோளில் முகத்தை வைத்திருந்த பொடியன் எங்கள் பக்கம் பார்த்தபடியே போனான். படலைக்குக் கிட்டப் போனதும் தலையை நிமிர்த்திக் கையை ஆட்டினான். எனக்கு ஆட்டவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். சின்ன அறையின் யன்னல் வலைக்குப் பின்னால், அரிசி மூட்டையில் ஏறி நின்று, என் மகள் அவனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள். மிஸ் மறுபக்கம் திரும்பித் தேத்தண்ணியின் அடியை வேப்பமரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தார். தாய் ஒரு கணம் நின்று பாதி திரும்பினாள், படலையைத் திறந்தாள், பிறகு போய்விட்டாள். அவள் என் மகளைப் பார்க்கவில்லை என்று நான் எனக்குள் முடிவெடுத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு அந்த முடிவு தேவையாக இருந்தது.

பின்னேரம் வரை என்னை யாரும் பிடிக்கவில்லை. சமைக்கிற அக்கா மகளுக்குக் கஞ்சி பருக்கினாள், மத்தியானப் பாணியையும் கொடுத்தாள். மறுநாளும் அப்படியே கொண்டுவந்தேன். வியாழக்கிழமை மகளுக்குக் காய்ச்சல் விட்டது. வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்காத மாதிரி மற்றப் பிள்ளைகளோடு மண்ணில் விளையாடினாள்.

அந்தப் பொடியன் வரவில்லை. கார்மென்ற்ஸில் கடிதம் கொடுத்ததாகவும், அந்தக் கிழமையே அவளை நிற்பாட்டியதாகவும் மற்றத் தாய்மார் வாசலில் பேசிக்கொண்டார்கள். நான் கேட்டும் கேளாதவள் மாதிரி மெசினைப் பிடித்தேன்.

மாத முடிவில் அவள் தனியே வந்தாள். மகன் கணவனின் தாயோடு முல்லைத்தீவில் நிற்கிறான் என்றாள், அறையையும் விட்டுவிட்டாளாம். பொடியனின் தலையணை, கோப்பை, மாற்றுடுப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். அவள் கைப்பையில் இருந்து காசை எடுத்து நீட்டினாள். முழு மாதக் கட்டணம்.

"வராத நாளுக்கும் கட்டவேணும் எண்டுதானே எழுதியிருக்கு" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அப்படியே சொன்னாள்.

வேண்டாம் என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. அது என் காசில்லை. மிஸ் சந்தைக்குப் போயிருந்தார், வந்ததும் கணக்குக் கேட்பார். அதைவிட, இப்போது நான் வேண்டாம் என்றால் ஏன் என்று அவள் கேட்பாள் என்ற பயமும் இருந்தது. வாங்கி, பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன். அவள் அதை மடித்து வைத்துக்கொண்டு பையைத் தூக்கினாள். படலை வரை நானும் கூடப் போனேன்.

படலையில் நின்று, போகப் பார்த்தவள் திரும்பினாள்.

"அண்டைக்கு உங்கட மகளுக்கு வந்த காய்ச்சல் மாறீட்டுதோ ரீச்சர்?"

அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இருந்திருந்தால் நல்லது. அவள் ஏசியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பி ஏசியிருப்பேன், அது எனக்கு வரும். அவள் உண்மையாகவே கேட்டாள். ஒரு தாய் இன்னொரு தாயிடம் கேட்கிற மாதிரி, பதில் வேண்டும் என்று நின்றாள்.

"ஓம், மாறீட்டுது" என்றேன்.

"அது காணும், வேற என்ன வேணும்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்குப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை அவளுடைய மகனின் இடத்துக்கு இன்னொரு கார்மென்ற்ஸ் தாய் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்த்தாள். எழுத வாசிக்க அவ்வளவாகத் தெரியாது, விதிகளை வாசித்துக் காட்டச் சொன்னாள். நான் சுவருக்கு முன்னால் நின்று, ஒரு வரியும் விடாமல் வாசித்துக் காட்டினேன்.