இரண்டு வழியும் பொருந்தும்போது

ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் நான் வேலை பார்த்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில், லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த புதிய கம்ப்யூட்டர் மொழி ஒன்றை இணையத்தில் பார்த்து நானாகவே கற்றுக்கொண்டேன். ஃபங்ஷனல் என்று சொல்லப்படும், கணக்குச் சூத்திரங்கள்போல் எழுதும் வகை. கம்பெனியில் யாரும் கற்கச் சொல்லவில்லை. எனக்குப் பழைய மொழிகள்மேல் ஒரு கடுப்பு, அவ்வளவுதான்.

நான் படித்த பழைய மொழிகள் ஒரு பொருள் என்ன வகை என்பதை மட்டும்தான் பார்க்கும். ஆட்டுத்தோலா, அதற்கு ஒரு வழி. எருமைத்தோலா, அதற்கு ஒரு வழி. பிறப்பே முடிவு செய்துவிடும். புதிய மொழியிலோ, எதைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பது என்பதையே நாம் எழுதிக் கொடுக்கலாம். தோலின் வகையைப் பார், வாங்குகிறவர் யாரென்று பார், இரண்டையும் சேர்த்துப் பார். ஒரே எருமைத்தோல்தான், ஒருவருக்குப் போனால் பளபளப்பாக வேண்டும், இன்னொருவருக்கு மங்கலாக வேண்டும். எங்கள் கம்பெனிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது.

எந்தத் தோலுக்கு எந்த வேலை என்று பிரித்தனுப்பும் புரோகிராமை அதில் எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம்தான் வந்தது.

அப்பா ஆலங்காயம் பக்கத்துக் கிராமத்துக்காரர். அம்மா நர்ஸ்; தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். அம்மாவைக் கட்டிக்கொள்வதற்காக அவர் ஞானஸ்நானம் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அம்மா பக்கத்தில் நின்று தொண்டை கட்டும்வரை பாடுவார். ஆடி மாதம் தம்பிகளோடு ஊர்த் திருவிழாவில் தேங்காய் உடைத்து, அம்மன் முன்னால் கண் கலங்குவார். திரும்பி வர பஸ் ஏறுமுன் நெற்றியை அலம்பிக்கொள்வார். அம்மாவுக்கு அது தெரியும், கேட்டதில்லை. மதில்மேல் பூனை என்று எங்கள் சபையில் கிண்டல் செய்வார்கள். எனக்கு அது பொறுக்காது. அவர் இரண்டு இடத்திலும் நடித்ததே இல்லை. யாரோடு வந்திருக்கிறார் என்று பார்த்தால்தான் அவர் வழி புரியும்.

ஒன்றில் மட்டும் வெகு கவனமாக இருந்தார். இரண்டு பக்கத்தையும் ஓரிடத்தில் சேர விடவே மாட்டார். கிறிஸ்துமஸுக்குத் தம்பிகளை அழைத்ததில்லை. மறுநாள் பிரியாணியை டப்பாவில் கட்டிக்கொண்டு அவரே ஊருக்குப் போவார். அம்மா அந்த ஊருக்குப் போனதே இல்லை.

ஒரு நாள் என் புரோகிராம் நின்றுபோனது. எருமைத்தோல் எல்லாம் மேல்பக்கத்தை வழவழப்பாகத் தேய்க்கப் போகவேண்டும் என்று ஒரு வழி எழுதியிருந்தேன். ஒரு வெளிநாட்டு ஆர்டருக்குப் போகும் தோல் எதையும் தேய்க்கக் கூடாது என்று இன்னொரு வழி. அந்த ஆர்டருக்கே எருமைத்தோல் வந்தது.

"இன்னா மேடம், பேஜாரா பூட்ச்சா?" என்று சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.

பிழை எதுவும் இல்லை. இரண்டு வழியும் சமமாகப் பொருந்துகின்றன, எதை முன்னால் வைப்பது என்று நீ சொல்லவில்லை என்று திரையில் வந்திருந்தது. அந்த மொழி தானாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காது. வெளியிலிருந்து ஒரு ஆள் சொல்லவேண்டும். இதைவிட அதை முன்னால் வை என்று ஒரே வரி எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அடுத்த மாதம் அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

காலையில் சபை மூப்பர்களோடு ஆயர் வந்தார். கல்லறைத் தோட்டத்தில் அம்மாவழித் தாத்தா பாட்டிக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. அடக்க ஆராதனை சாயங்காலம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது வேன் வைத்துக்கொண்டு சித்தப்பாக்கள் இருவரும் வந்து இறங்கினார்கள். அப்பா ஆயுசு முழுக்கத் தள்ளிவைத்த நேரம் எங்கள் வாசலில் வந்து நின்றது.

"அண்ணனை ஊருக்கு எடுத்துக்கினு போறோம் அண்ணி. எங்கப்பா குழிக்குப் பக்கத்துல வைக்கணும்," என்றார் பெரிய சித்தப்பா. அழுதுகொண்டேதான் சொன்னார்.

"அவர் ஞானஸ்நானம் எடுத்தவர்," என்றார் மூப்பர் ஒருவர்.

"எங்கம்மா வயித்துல பொறந்தவரு."

ஆயர் நல்ல மனிதர். குரல் உயரவிடாமல், "அம்மா சொல்லட்டும்," என்றார். எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். கல்லறைத் தோட்டம் என்றுதான் சொல்வாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

"ஊருக்கே எடுத்துக்கினு போங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போய், "இன்னாம்மா பண்ற? நாளைக்கு இங்க கல்லறையில நீ மட்டும் தனியா கெடப்பியா?" என்று கத்தினேன்.

"கல்யாணத்தன்னிக்கி அவர எடுத்துக்கினு வந்துட்டேன். அவங்க ஒரு நாள் கூட திருப்பிக் கேக்கல," என்றாள். "இன்னிக்கிதான் கேக்கறாங்க."

ஆயர் வாசலிலேயே ஜெபம் செய்தார். சித்தப்பாக்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலை குனிந்து நின்றார்கள். வேனில் ஏறுமுன் அம்மா வாசல் செம்பருத்திச் செடியடியில் குனிந்ததைப் பார்த்தேன். மயக்கம் வருகிறதோ என்று ஓடிப்போய்ப் பிடித்தேன்.

ஊரில் தாரை தப்பட்டையோடு எடுத்தார்கள். ஏரிக்கரை இடுகாட்டுக்குத் திரும்பும் முச்சந்தியில் பெண்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அதற்குமேல் பெண்கள் போவது அங்கே வழக்கமில்லை. எங்கள் சபையில் பெண்களும் குழியருகே நிற்போம், ஆளுக்கு ஒரு பிடி மண் போடுவோம். தாத்தாவுக்கு நானே போட்டிருக்கிறேன். ஊருக்கு என்று சொன்னபோதே அம்மா அதையும் விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்பது எனக்கு அந்த முச்சந்தியில்தான் உறைத்தது.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க," என்றாள் அம்மா.

பெரிய சித்தப்பா திரும்பி வந்தார். அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தாள். எங்கள் வாசல் மண், ஒரு பிடி.

"நான் போட வேண்டியது," என்றாள்.

சித்தப்பா இடுப்புத் துண்டை அவிழ்த்து விரித்து, இரண்டு கையிலும் ஏந்தி வாங்கிக்கொண்டார்.

"மொதல்ல இதத்தான் போடுவேன் அண்ணி."

தப்பட்டை ஏரிக்கரைப் பக்கம் திரும்பியது. சத்தம் அடங்கும்வரை அம்மா அங்கேயே நின்றாள். முந்தானையில் ஒட்டியிருந்த மண்ணை அவள் தட்டிவிடவில்லை.