வைத்த இடத்தில் உப்பு ஜாடி

நூலகத்தின் மாடி அறையில் சனிக்கிழமை மாலைகளில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. கவிதையும் ஓவியமும் சேர்த்துக் கற்றுத்தரப்படும் என்று வாசலில் ஒட்டியிருக்கும். இரண்டில் ஒன்றுகூட உருப்படியாக வராதவர்கள்தான் அங்கே வருகிறார்கள் என்று சொன்னால் டீச்சருக்குக் கோபம் வரும். ஆனாலும் உண்மை அதுதான்.

டீச்சரின் முறை எளிது. முதலில் எல்லோரும் நாலு வரி எழுத வேண்டும், பெயர் போடக் கூடாது. சீட்டுகளை மடித்து பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினால் ஆளுக்கு ஒன்று. யாரோ எழுதியதை வேறு யாரோ வரைய வேண்டும். வரைந்த பிறகு படங்களைச் சுவரோரம் சாய்த்து வைத்து வரிகளை உரக்கப் படிப்பார்கள். எழுதியவர் "என்னுது" என்று எழுந்து வந்து படத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கூச்சமாக இருந்தால் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். நான் சொன்னது இதுவல்ல என்று வாதாட மட்டும் கூடாது.

"எழுதிட்டீங்கல்ல? உங்க வேலை அதோட முடிஞ்சுது. இனிமே அது வரையறவங்க பாடு" என்பார் டீச்சர்.

மீசைக்காரர் என்று ஒருவர் உண்டு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தச் சீட்டு வந்தாலும் படகுதான் வரைவார். ஒருமுறை பல்வலியைப் பற்றிய கவிதை வந்தது. அதற்கும் படகு. "வலியில தத்தளிக்கிறான் டீச்சர்" என்று விளக்கம் வேறு. டீச்சர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தண்ணீர் நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினார். யாரையும் முகம் வாட விடமாட்டார்.

டீச்சருடைய முகம் வாடியிருப்பதை மட்டும் யாரும் கவனித்ததில்லை, அதுதான் விஷயம். பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். கணவர் காலமாகி நாலு வருடம் ஆகிறது. மகன் வேறு ஊரில். போன் செய்வான். "சாப்டியாம்மா? மாத்திரை போட்டியாம்மா?" இரண்டுக்கும் பதில் வாங்கிக்கொண்டு வைத்துவிடுவான். தங்கமான பையன்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அம்மாவிடம் வேறு செய்திகள் இருக்கும். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கும். ஒழுகிய குழாயை அவரே கழற்றி மாட்டியிருப்பார். சொல்ல வாயெடுப்பதற்குள் லைன் போய்விடும். வகுப்பில் ஓயாமல் பேசுகிறவருக்கு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் வாய்க்கு வேலையே இல்லை. தனிமை என்று அதற்குப் பெயர். அவர் அந்தப் பெயரை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால்தானே சொல்ல?

ஒரு சனிக்கிழமை டெய்லரம்மா வகுப்புக்குத் தாமதமாக வந்தாள். வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பவள். இரண்டே அறை, அதற்குள் மாமனார், மாமியார், கணவன், கொழுந்தன், மூன்று பிள்ளைகள்.

"நூல்கண்டு வாங்கப் போறேன்னு சொல்லிட்டு ஓடி வந்தேன் டீச்சர். சீட்டு இருக்கா?"

டப்பா காலி. எல்லோரும் வரைய ஆரம்பித்துவிட்டார்கள். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரு தாளைக் கிழித்து மளமளவென்று எழுதி மடித்தார். அவர் எழுதிய சீட்டு அதுவரை யார் கைக்கும் போனதில்லை.

"ஒண்ணு அடியில ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. இந்தாம்மா."

கொடுத்த பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. படம் இருட்டாக வரும், சாம்பல் நிறத்தில் ஒரு வெற்று நாற்காலி வரும் என்று நினைத்தார். பார்த்துவிட்டு யாராவது ஒருவர், இது யார், இவருக்கு என்ன கஷ்டம் என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. கேட்டுவிட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவே செய்துவிட்டார்.

டெய்லரம்மாவின் முறை வந்தது. எழுந்து படித்தாள்.

வைத்த இடத்தில் உப்பு ஜாடி.
விட்ட பக்கத்தில் புத்தகம்.
நான் அணைத்தால்தான் விளக்கு அணைகிறது.
காலையில் சாத்திய கதவு, மாலையிலும் சாத்தியபடி.

படம் முழுக்க மஞ்சள். தரையெல்லாம் வெயில். சாய்வு நாற்காலியில் ஒரு பெண் காலை நீட்டி, வாய் திறந்து தூங்குகிறாள்.

"யாரு எழுதினதோ, குடுத்து வச்ச மகராசி!" என்றாள் டெய்லரம்மா. "வச்சது வச்ச இடத்துல இருக்காமே! எங்க வீட்டுல கத்தரிக்கோலைக் கீழ வச்சா போதும், அடுத்த நிமிஷம் அது ஊர் சுத்தப் போயிடும்."

அறை கொல்லென்று சிரித்தது.

"அந்த வீடு வாடகைக்குக் கிடைக்குமான்னு கேளுங்க" என்றார் லாரி ஓட்டுகிறவர்.

"என் வீடு இல்லப்பா. அங்க என் பேச்சைத் தவிர எல்லார் பேச்சும் கேக்கும்" என்றார் மீசைக்காரர்.

டீச்சர் அந்த மஞ்சள் படத்தையே பார்த்தார். வாதாடவும் முடியாது; விதி அவரே போட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை.

"என்னுது" என்றார்.

டெய்லரம்மா ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களா டீச்சர்? தப்பா நினைக்கலைன்னா நாளைக்கு உங்க வீட்டுக்கு வரட்டுமா? கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிடறேன்."

"இதென்ன கேள்வி? வாம்மா, தாராளமா வா."

மறுநாள் காலையிலிருந்து டீச்சருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இரண்டு கப்களைக் கழுவித் துடைத்து வைத்தார். என்னென்ன பேசுவது என்று மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டார். பூனை, குழாய். அப்புறம், கணவர் இருந்தவரை அந்த உப்பு ஜாடி ஒருநாள்கூட ஒரே இடத்தில் இருந்ததில்லை என்பதையும், அதற்காக அந்த மனுஷனை எவ்வளவு திட்டியிருக்கிறார் என்பதையும்.

டெய்லரம்மா வந்தாள். சுற்றிலும் பார்த்தாள். "அப்பாடா!" என்று பிரம்பு நாற்காலியில் சாய்ந்தாள்.

"டீ போடறேன். உனக்கு ஒண்ணு சொல்லணும், இந்த எதிர்வீட்டுப் பூனை இருக்கே..." என்றபடி டீச்சர் சமையலறைக்குப் போனார். பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் டெய்லரம்மா தூங்கிப்போயிருந்தாள். லேசான குறட்டைகூட.

அடுப்பை அணைத்துவிட்டு டீச்சர் கையிலிருந்த கரண்டியோடு எதிரே வந்து உட்கார்ந்தார். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன அவள் விரல்களைப் பார்த்தார். கைதவறினாற்போல அந்தக் கரண்டியைக் கீழே போட்டு எழுப்பினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. அழுகையாக வந்தது. கரண்டியைப் போடவில்லை. மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

வெயில் இறங்கிய பிறகு டெய்லரம்மா அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஐயோ, நேரமாயிடுச்சே! வீட்டுல தேடுவாங்க." தலைமுடியை அள்ளி முடிந்தபடியே வாசலுக்கு ஓடியவள் நின்று திரும்பினாள்.

"இப்படித் தூங்கி எத்தனை வருஷமாச்சு தெரியுமா டீச்சர்? ஒரு வார்த்தை பேசி எழுப்பாம விட்டீங்களே, யாரு இருப்பா இப்படி? அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரட்டுமா?"

அவள் கன்னத்தில் பிரம்புப் பின்னலின் தடம் பதிந்திருந்தது. முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது.

"வாம்மா" என்றார் டீச்சர். "நான் பேச மாட்டேன்."