துண்டைக் கடித்துக்கொண்டு ஆடியவன்

போன வாரம் ரயிலடிக்கு எதிரே உள்ள பலசரக்குக் கடைக்குப் போயிருந்தேன். கடைக்கார அண்ணாச்சி சீனியை நிறுத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீரு அந்த வாய்க்காரப் பயகூட புட்பால் ஆடுனவருதானே? வெள்ளைக்காரத் துரைய மூஞ்சியிலயே அறைஞ்சானாமே?"

"அறையல அண்ணாச்சி."

"எங்கிட்டயே மறைக்கீரே. ஊரே பாத்துருக்கு வே!"

ஊர் பார்த்தது உண்மைதான். நானும் பார்த்தேன், ஊரைவிடக் கிட்டத்தில் நின்று பார்த்தேன். அவனுக்கு அந்தக் கெட்ட பெயர் வந்ததில் என் கைக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஆறாம் பாரம் படித்துக்கொண்டிருந்தோம். எங்கள் புட்பால் கட்சியில் நான் கோல் காப்பவன். அவன் நடு மைதானத்தில் நின்று எல்லாரையும் ஆட்டுவிப்பவன். கறுத்து, நெடுநெடுவென்று இருப்பான். பந்தை வாங்கினால் கால் விரலில் ஒட்டிக்கொண்டதுபோல் கூடவே போகும். ஆனால் காலைவிட வாய்தான் பெரிது. ஆட்டம் தொடங்கியதிலிருந்து முடியும்வரை ஓயாது. "பைய! பைய! பின்னால போ! நில்லு! ஏலே மூதி, நில்லுன்னேன்லா! இப்பம் இழு! இழு!" என்று மைதானம் அதிரும். எதிர்க்கட்சிக்காரனையும் விடமாட்டான். "நல்லா எடுத்தடே!" என்று அவனுக்கும் ஒரு சத்தம் கொடுப்பான். அதைக் கேலி என்று நினைத்து அவர்கள் மல்லுக்கு வருவார்கள்.

வேடிக்கை பார்க்க மேலப்பாளையத்திலிருந்து நெசவுக்காரர்கள் வருவார்கள், தாலுகா கச்சேரி குமாஸ்தாக்கள் வருவார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் அவனுக்கு வைத்த பெயர் வாய்க்காரன். "ஆட்டம் நல்லாத்தான் ஆடுதான், ஆனா திமிரு பிடிச்சவன் வே" என்பதுதான் ஊரின் தீர்ப்பு. என் தீர்ப்பும் அதுவே.

ஒருநாள் பயிற்சி ஆட்டத்தின்போது என் தகப்பனார் வந்திருந்தார். அவர் வண்டிக்காரர். முக்கூடலிலிருந்து நெல் மூட்டை கொண்டுவந்து இறக்கிவிட்டு, மகன் ஆடுவதைப் பார்க்கலாம் என்று சாட்டைக் கம்போடு வேலியோரம் நின்றார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவர் முன்னால் ஒரு பந்தையாவது பாய்ந்து பிடித்துவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பந்து வந்தது. துடிப்பில் கம்பத்தை விட்டு முன்னால் ஓடிவிட்டேன். பந்து என் தலைக்கு மேலே போய்க் கோலுக்குள் விழுந்தது.

"ஏலே சவத்து மூதி! உன்ன யாருலே முன்னால வரச் சொன்னா? பின்னால போ!"

நடு மைதானத்திலிருந்து அவன்தான் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நான் தகப்பனாரைத்தான் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலமே கட்சியில் நாலைந்து பேர் கூடினோம். அவன்மேல் மனு கொடுப்பது என்று முடிவாயிற்று. எழுத என்னைத்தான் பிடித்தார்கள். எங்கள் தெருவில் யாருக்கு மனு வேண்டுமானாலும் நான்தான் எழுதிக் கொடுப்பேன், எழுத்து அச்சுப்போல் இருக்கும். "மேற்படி மாணவன் சக மாணவர்களை மாடுகளைப்போல் பாவித்து, இழிசொற்களால் ஏசி, பள்ளியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கிறான்" என்று எழுதினேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது.

பெரிய வாத்தியார் மனுவை இரண்டு தரம் படித்தார். அடுத்த சனிக்கிழமை ஆற்றுக்கு அக்கரைப் பள்ளிக்கூடத்தோடு கோப்பை ஆட்டம். அவனை நிறுத்திவிட்டால் கட்சியே இல்லை. அதனால் ஒரு கடிதம் எழுதினார். அவன்மேல் மனு வந்திருக்கிறது, ஆட்டத்தில் அவன் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் நன்னடத்தைச் சான்று கிடையாது என்று அதில் இருந்தது. அந்தச் சான்று இல்லாவிட்டால் வாத்தியார் வேலைக்கான பயிற்சிப் பள்ளியில் அவனைச் சேர்க்கமாட்டார்கள். அவன் படித்ததே அதற்காகத்தான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அவன் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தான். நாங்குநேரிக்கு அந்தப் பக்கம், வானம் பார்த்த பூமி. "உன் தகப்பனார் வண்டி அந்தப் பக்கம் போகுமே, நீயே கொண்டு கொடு" என்று பெரிய வாத்தியார் கடிதத்தை என் கையிலேயே தந்துவிட்டார்.

விடிந்துகொண்டிருந்தது. வண்டி பனைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது.

"பைய... பைய... பின்னால போ... நில்லு!"

எங்கள் வண்டி மாடுகள் இரண்டும் சட்டென்று நின்றுவிட்டன! தகப்பனார் விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியாலே? அன்னைக்கே நெனச்சேன். கமலை ஓட்டுத பயலோட குரலுலே அது. எத்தன மைல் தூரத்துல கேட்டாலும் மாட்டுக்குத் தெரியும்."

மாட்டுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஆறு வயதில் கயிற்றை என் கையிலிருந்து வாங்கிவிட்டு அவர் சிலேட்டைக் கொடுத்தார். அதன்பிறகு நான் மாட்டோடு பேசியதே இல்லை.

இறங்கி ஓடினேன். தோட்டக் கிணற்றில் அவன் கமலை கட்டி, மாடுகளை வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். இரண்டு மாடுகளும் பின்னோக்கி நடந்து கிணற்றங்கரைக்குப் போனால் பெரிய தோல் சால் தண்ணீருக்குள் இறங்கும். சால் நிறைந்ததும், அவன் வடத்தின்மேல் ஏறி உட்கார்ந்து, "இப்பம் இழு! இழு!" என்பான். மாடுகள் சரிவில் முன்னோக்கி இறங்க, சால் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். ஒரு மாடு முந்தினாலும் கயிறு முறுக்கிக்கொள்ளும். "ஏ மூதி, உன்ன யாரு முன்னால போகச் சொன்னா?" என்று சொல்லிக்கொண்டே அந்த மாட்டின் முதுகை அவன் தடவிக் கொடுத்தான். மைதானத்தில் நாங்கள் பத்துப் பேரும் வாங்கிக் கட்டிக்கொண்டது அதே சொல், அதே ராகம். தடவல் மட்டும்தான் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தான்.

"மனு யாருலே எழுதுனா?"

பொய் சொல்லியிருக்கலாம். முடியவில்லை. "நான்தான்."

"அப்பம் எழுத்து நல்லா இருந்துருக்கும்" என்றான். அவ்வளவுதான். வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கூழ் ஊற்றிக் கொடுத்தான். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு இரண்டு பேரும் குடித்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் அம்மாதான், "இவன் இப்பிடித்தான் ஐயா, வாயில கொழுக்கட்ட. பள்ளிக்கூடத்துலயாவது யார்ட்டயும் பேசுவானா?" என்று என்னிடம் கேட்டாள். நான் இன்னொரு வெங்காயத்தை எடுத்துக் கடித்தேன்.

கிளம்பும்போது அவன் சொன்னது ஒன்றே ஒன்று. "எனக்கு அந்த நன்னடத்தச் சீட்டு வேணும்லே. வாயத் திறக்கமாட்டேன்."

சனிக்கிழமை வந்தது. அடேயப்பா, என்ன கூட்டம்! பாலத்தைத் தாண்டி அக்கரைக்காரர்கள் திரளாக வந்துவிட்டார்கள். வேலியில் இடமில்லாமல் வேப்பமரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். விசில் வைத்திருந்தவர் தமிழ் நன்றாகப் பேசும் ஒரு மிஷன் துரை. அவன் மைதானத்துக்குள் வந்தான். தோளில் கிடந்த துண்டைக் கிழித்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றான். தன்னை அறியாமல் வாய் திறந்துவிடக் கூடாது என்பதற்காக அவன் செய்துகொண்ட ஏற்பாடு அது.

"பாரு வே திமிர! வாயில துணிய வச்சிக்கிட்டு நிக்கான்!" என்றது வேலி.

"துரைக்கு மரியாத இல்ல பாத்தீரா?" என்றது வேப்பமரம்.

ஆட்டம் தொடங்கியது. கால் மணி நேரத்தில் எங்களுக்கு விளங்கிவிட்டது, நாங்கள் குருடர்கள் என்று. எங்கே நிற்பது, எப்போது பின்வாங்குவது, எப்போது பாய்வது, ஒன்றும் தெரியவில்லை. இத்தனை நாள் அவன் சத்தத்தில்தான் நாங்கள் நடந்திருக்கிறோம். ஒருவன்மேல் ஒருவன் மோதிக்கொண்டோம். அவன் கையைக் கையை ஆட்டினான், கழுத்து நரம்பு புடைத்தது, துண்டை மென்றான். யார் திரும்பிப் பார்த்தோம்? ஒரு கோல் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. இரண்டையும் விட்டவன் நான்.

பாதி நேரத்துக்குப் பிறகு ஒரு பந்து எங்கள் பக்கம் வந்தது. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேரும் அதை நோக்கி ஒரே சமயத்தில் ஓடினார்கள். அவன் உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்திக் காட்டினான். அந்தச் சைகையை நான் கிணற்றங்கரையில் பார்த்திருக்கிறேன்! யோசிக்கவே இல்லை, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"பைய! பைய! பின்னால போ!"

இரண்டு பேரும் நின்றார்கள். பழகிய சொல் அல்லவா! பந்து அவர்கள் காலுக்கே வந்து சேர்ந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கண் பளிச்சென்றது. கையை முன்னால் வீசினான், நான் கத்தினேன்.

"இப்பம் இழு! இழு!"

ஐந்து பேர் ஒரே வீச்சில் பாய்ந்தார்கள். கோல்!

அதன்பிறகு கேட்கவா வேண்டும்? அவன் கையை ஆட்டுவான், நான் கத்துவேன், என் சத்தத்தை முன்னால் நிற்கிறவன் வாங்கி அடுத்தவனுக்குக் கத்துவான். மைதானம் முழுக்கக் கமலைப் பாட்டுத்தான். "என்ன வே, மாடு ஓட்டுதானுவளா, பந்து ஆடுதானுவளா?" என்று கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும்! இரண்டாவது கோலும் போட்டோம். சமம். கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போய்விட்டது. இன்னும் கொஞ்ச நேரம்தான் பாக்கி. ஆட்டம் சமமாக முடிந்தால் கோப்பை போன வருஷம் ஜெயித்த அக்கரைக்காரர்களிடமே இருந்துவிடும். அதுதான் வழக்கம்.

அப்போதுதான் அந்தப் பந்து. உயரமாக வந்தது. அவன் எம்பினான், அவனோடு நாலு பேர் எம்பினார்கள், புழுதி கிளம்பியது. அடுத்த கணம் பந்து கோலுக்குள் கிடந்தது!

துரை விசில் ஊதிக் கோல் என்று கையைக் காட்டினார். நான் என் கம்பத்தை விட்டுவிட்டு அந்தக் கோடிவரைக்கும் ஓடினேன், அவனைத் தூக்க வேண்டும் என்று ஒரே வெறி. வேப்பமரத்திலிருந்து ஆட்கள் பொத்துப் பொத்தென்று குதித்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவன் அசையாமல் நின்றிருந்தான். பிறகு துண்டைத் துப்பினான். நேரே துரையிடம் போய் வலது கையை அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினான்.

"ஐயா, கையில பட்டுச்சு. இது கோல் இல்ல."

"நான் பார்க்கவில்லையே?" என்றார் துரை.

"நான் பாத்தேன்லா!" அந்தக் குரல்தான் மைதானம் முழுக்கக் கேட்டது.

எங்கள் கட்சித் தலைவன் அவன் சட்டையைப் பிடித்தான். "லே, ஒனக்குப் பைத்தியமா? சீட்டு வேண்டாமா? வாய மூடுலே!"

"கோல் இல்லன்னா இல்லலே!"

துரை அவனையே பார்த்தார். பிறகு கோல் இல்லை என்று கையை அசைத்தார். ஆட்டம் சமமாக முடிந்தது. கோப்பை ஆற்றைத் தாண்டிப் போய்விட்டது.

வேலியோரம் நின்றவர்களுக்கு அவன் சொன்னது கேட்கவில்லை. கத்தியதுதான் கேட்டது, கை ஓங்கியதுதான் தெரிந்தது. கூட்டம் கலையும்போது "துரைய அடிக்கக் கை ஓங்கிட்டான்" என்றார்கள். பாலத்தில் போகும்போது "அடிச்சிட்டான்" என்றார்கள். டவுனுக்குள் நுழைவதற்குள் துரைக்கு மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. பாலத்தில் இரண்டு பேரை நிறுத்தி நடந்ததைச் சொல்லப் பார்த்தேன். தொண்டையில் காற்றுதான் வந்தது.

திங்கட்கிழமை பெரிய வாத்தியார் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மேஜைமேல் என் மனு.

"வாயைத் திறந்தாயா?"

"தொறந்தேன் ஐயா" என்றான் அவன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சமாதானமாக ஒரு வார்த்தையாவது சொல்லமாட்டானா என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. எனக்கோ சனிக்கிழமை போன குரல் இன்னும் திரும்பவில்லை. ஆனாலும் கிணற்றங்கரையிலிருந்து கோல் வரைக்கும் கரகரவென்று சொல்லி முடித்தேன்.

"துரையும் வந்து சொன்னார்" என்றார் பெரிய வாத்தியார். மனுவை என் பக்கம் தள்ளினார். "எழுதியவன் நீ. இதற்குக் கீழே உனக்குத் தெரிந்ததை எழுது. அவனிடம் படித்துக் காட்டு. அவன் சரி என்று சொன்னால் நான் சான்றில் கையெழுத்துப் போடுகிறேன்."

அதே அச்செழுத்தில் எழுதினேன். அவன் உண்மை தவறாதவன், எளிமையானவன், ஒருநாளும் யார் மனதையும் புண்படுத்தியதில்லை என்று எழுதினேன். எழுதும்போதே கண் கலங்கிவிட்டது. படித்துக் காட்டினேன்.

அவன் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பெரிய வாத்தியார் பேனாவை மையில் தொட்டார்.

"கடைசி வரி பொய்லே" என்றான்.

"என்னது?"

"யாரையும் புண்படுத்தலன்னு எழுதிருக்க. அன்னைக்கு ஒங்க அப்பா முன்னால உன்ன மூதின்னேன். உன் மொகத்தப் பாத்தேன்லா. அத அடி."

"இப்போது அதெல்லாம் எதற்கடா?" என்றேன், பதறிப்போய்.

"பொய்யின்னா அடிலே! ஐயா கையெழுத்துப் போடப்போறாவ!"

நான் அடித்தேன். என் வாழ்க்கையில் ஒரு மனுவில் நான் போட்ட முதல் அடித்தல் அது. பெரிய வாத்தியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சான்றை இழுத்து வைத்துக் கையெழுத்துப் போட்டார்.