பவுடர் பூசிய ஃப்ளைவீல்

உத்திரமேரூரில் லேத் பட்டறை வைத்திருந்த அவருடைய சட்டைப்பையில் எப்போதும் ஒரு முகப்பவுடர் டப்பா இருக்கும். முகத்தில் கிரீஸைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

மானாம்பதிக்கு ஆள் ஏற்றிப் பிழைத்த என் பழைய காரில், என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் தேய்ந்துவிட்டது. கடைந்து சமமாக்கினால் மறுநாளே ஓட்டலாம். வேறு தேடினால் ஒரு வாரம் அரைவயிறுதான்.

அவர் அந்த இரும்பு வட்டை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பவுடரைத் தூவினார். சற்று நேரத்தில் உள்ளே இறங்கியிருந்த எண்ணெய் கசிந்து, அந்த வெள்ளையில் முடி போல ஒரு கறுப்புக் கோடு எழுந்து போல்ட் ஓட்டை வரை ஓடியது.

"வெடிச்சிக்கீது நைனா. ஆவாது, தூக்கிப் போடு."

"மேலாக்க சீவிக் குடுண்ணா. மெதுவா ஓட்டிக்கிறேன்."

"இன்னா மெதுவா? தெறிச்சா மொதல்ல உன் காலு போவும். பின்னால குந்திக்கினு வர்றவன் இன்னா பாவம் பண்ணான்?"

"சரி, குடு" என்று கையை நீட்டினேன். காஞ்சிபுரத்தில் வேறு பட்டறையில் கடைந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்; சொல்லவில்லை.

அவர் காலடியில் கிடந்த சம்மட்டியை எடுத்து ஓங்கி அடித்தார். ஃப்ளைவீல் அந்தக் கோட்டிலேயே பிளந்தது.

"இப்ப எட்துக்கினு போ."

அந்த வாரம் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். எனக்கு முன்னால் எத்தனை பேர் அப்படிக் கை நீட்டியதால் சம்மட்டி அவர் காலடிக்கு வந்தது என்று இப்போதும் யோசிக்கிறேன்.